புது வீட்டில் முதல் விண்டர்: நல்ல ஃபர்னஸ் இருந்தால் போதாதா?

ஏஜாக்ஸ் புதுவீடு | செப்ரெம்பர் 21, 2024

இவ்வளவு காலமும் ஸ்காபரோவில் அப்பார்ட்மென்ற். ஓகஸ்டில்தான் ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஏஜாக்ஸில் தனி வீடு எடுத்தோம். எண்பதுகளில் கட்டியது. முன்பு இருந்தவர்கள் வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸை மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறார்கள். வேலையிடத்தில் ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள், அதைப் பூசு, இதை ஒட்டு என்று. கனடாவில் வீடு கட்டுவதே குளிரைக் கணக்கில் வைத்துத்தானே? தெர்மோஸ்ராற்றை 21இல் வைத்துவிட்டு இருந்தால் போதாதா? அம்மாவும் அப்பாவும் வைகாசியில் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், பேஸ்மென்ற் அறையை அவர்களுக்குத் திருத்திக் கொடுத்திருக்கிறோம்.

குசினி யன்னல் | செப்ரெம்பர் 21, 2024

தம்பி, கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

தெர்மோஸ்ராற் எங்கே இருக்கிறது? அநேகமாக நடு ஹோலில். அதற்குத் தான் நிற்கிற இடத்து வெப்பம் மட்டும்தான் தெரியும். ஹோல் 21 ஆனதும் ஃபர்னஸ் நின்றுவிடும். அந்த நேரம் பேஸ்மென்ற் அறை 16ஆகக் கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை. அதனால் முதல் வேலையாக ஒரு சின்ன வெப்பமானி வாங்கி, அப்பா படுக்கிற கட்டில் உயரத்தில் வையுங்கள். வீட்டிலேயே குளிரான அறை எதுவோ, அதில் படுக்கிற ஆளை வைத்துத்தான் மற்றதெல்லாம் தீர்மானிக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

வயதானவர்கள் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். எங்கள் அம்மா வந்த முதல் விண்டரில் இரண்டு சுவெற்றரைப் போட்டு, தலைக்கும் துணி கட்டிக்கொண்டு இருப்பா. கேட்டால் "எனக்கொரு குளிருமில்லைப் பிள்ளை" என்பா. காஸ் பில்லைப் பற்றி நாங்கள் மேலே கதைத்தது அவவுக்குக் கீழே கேட்டிருக்கிறது. ரொறன்ரோவில் வீட்டை வாடகைக்கு விடுகிறவரே குளிர்காலத்தில் 21 பாகைக்குக் குறைய விடக்கூடாது என்று மாநகரச் சட்டம் இருக்கிறது. பெற்றவர்களுக்கு அதிலும் குறைவாகக் கொடுக்க முடியுமா?

அந்த அறையில் காற்று வருகிற துவாரம் எத்தனை, கட்டிலோ அலுமாரியோ அதை மறைக்கிறதா, காற்று திரும்பிப் போக வழி இருக்கிறதா என்று பாருங்கள். திருத்திய பேஸ்மென்ற்களில் திரும்பும் வழியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழைய காற்று வெளியேறாவிட்டால் சூடான காற்று உள்ளே வராது. பிறகு, கொங்கிறீற் சுவருக்கு மேல் வீட்டின் மரச்சட்டம் வந்து உட்காருகிற விளிம்பு. ஃபர்னஸ் இருக்கிற அறைப் பக்கம் அது திறந்தபடி தெரியும். கையை வைத்துப் பாருங்கள். எண்பதுகளில் கட்டிய வீடுகளில் அந்த இடத்தில் ஒரு பஞ்சுத் துண்டைச் செருகியிருப்பார்கள், பின்னால் காற்று தாராளமாகப் போய் வரும். கட்டிப் பலகையான ஃபோமை அளவாக வெட்டி வைத்து ஓரங்களை அடைத்தால், செலவோடு ஒப்பிடும்போது இவ்வளவு பலன் தருகிற வேலை அந்த வீட்டில் வேறு இல்லை.

குசினி யன்னல் | செப்ரெம்பர் 22, 2024

நேற்று அறையோடு நின்றுவிட்டேன். காலம் பார்த்துச் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

யன்னல், கதவு ஓரங்களுக்குப் பூசுகிற கோக்கிங் என்ற அடைப்புப் பசைகளில் பெரும்பாலானவை 5 பாகைக்குக் கீழே ஒழுங்காக ஒட்டாது. அதனால் ஒக்ரோபருக்குள். கூரைப் பீலியில் விழுகிற மேப்பிள் இலைகளை மரம் முழுக்கக் கொட்டி முடிந்த பிறகு ஒரே தரமாக அள்ளலாம், ஆனால் முதல் ஸ்நோவுக்கு முந்தி.

எல்லாவற்றையும்விட முக்கியம் வெளிக்குழாய். அப்பார்ட்மென்ற்றில் இருந்த உங்களுக்கு இது புதிது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸைக் கழற்றுங்கள். பிறகு பேஸ்மென்ற் உள்ளே அந்தக் குழாய்க்குப் போகிற பைப்பைத் தேடிப் பிடித்து அதிலுள்ள வால்வை மூடுங்கள். வெளியே போய்க் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை ஓட விடுங்கள். உள்ளே வால்வின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி இருந்தால் அதையும் தளர்த்தினால் இடையில் நின்ற தண்ணீர் வடியும், கீழே ஒரு வாளி வையுங்கள். வெளிக்குழாய் விண்டர் முழுக்கத் திறந்தே கிடக்கட்டும்.

தண்ணீர் ஐஸாகும்போது ஏறக்குறைய 9 வீதம் பெருக்கிறது. ஆனால் ஐஸ் பிடித்த இடத்திலேதான் பைப் வெடிக்கும் என்றில்லை. ஐஸ் அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் அகப்பட்ட தண்ணீருக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறும், அதுதான் செம்பைப் பிளக்கிறது. திறந்து விடச் சொல்வதும் அதற்காகத்தான்.

அதோடு இன்றைக்கே செய்யுங்கள்: வீட்டுக்குள் தண்ணீர் வருகிற மெயின் வால்வு எங்கே என்று வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் காட்டுங்கள். அம்மாவுக்கும்.

குசினி யன்னல் | செப்ரெம்பர் 22, 2024, பின்னேரம்

"எங்கள் வெளிக்குழாய் உறையாத ரகம், மூடத் தேவையில்லையாம்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த ரகத்தில் தண்ணீரை நிறுத்துகிற இடம் சுவருக்கு உள்ளே, சூடான பக்கத்தில் இருக்கும். வெளியே நீட்டியிருக்கும் தண்டு காலியாகிவிடும். ஆனால் ஹோஸ் பூட்டியபடி கிடந்தால் தண்டு காலியாகாது. ஹோஸைக் கழற்றுவது எல்லா ரகத்துக்கும் பொது.

குசினி யன்னல் | செப்ரெம்பர் 29, 2024

கறிவேப்பிலை மரத்தை உள்ளே எடுத்துவிட்டீர்களா? இங்கே யாரும் கேட்கவில்லை, ஆனால் இதுவும் விண்டருக்கு வீட்டைத் தயாராக்குவதுதான். இரவு வெப்பம் 10 பாகையைத் தொடுமுன் உள்ளே வந்துவிட வேண்டும். கொண்டுவரும் முன் இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். ஃபர்னஸ் காற்று வறண்டது, இலைச் சாற்றை உறிஞ்சுகிற செம்பேன் பூச்சிக்கு அது கொண்டாட்டம். தெற்குப் பக்க யன்னலில் வையுங்கள், சூட்டுத் துவாரத்துக்கு மேலே வேண்டாம். மார்கழி, தையில் இலை கொட்டும். பயந்துபோய்த் தண்ணீரை அள்ளி ஊற்றினால் வேர் அழுகிவிடும். மண் காய்ந்த பிறகு கொஞ்சம் விட்டால் போதும், பங்குனியில் துளிர்க்கும். முருங்கை வைத்திருக்கிறவர்கள் கிளையை வெட்டிக் கட்டையாக்கி உள்ளே வைக்கலாம். எங்கள் வீட்டில் கறிவேப்பிலைக்குத்தான் நல்ல யன்னல், அதில் யாரும் வாய் திறப்பதில்லை.

குசினி யன்னல் | ஒக்ரோபர் 13, 2024

தாங்ஸ்கிவிங் லீவு, அற்றிக்குள், அதாவது கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலுள்ள இடத்துக்குள், ஏறிப் பார்க்க நல்ல நாள். மேலே இப்போது வெக்கையும் இல்லை, குளிரும் இல்லை.

ஒன்ராறியோவில் இப்போது கட்டுகிற புது வீடுகளுக்கு அற்றிக்கில் ஆர்-60 அளவு (சூட்டைத் தடுக்கிற திறனின் அளவு) இன்சுலேஷன் போடுகிறார்கள். உங்களுடைய வயது வீட்டில் அதில் பாதி இருந்தாலே பெரிது. ஆனால் இன்னும் பஞ்சைக் கொட்ட ஆள் பிடிக்குமுன் ஓட்டைகளை அடைக்க வேண்டும். சூடான காற்று மேலே ஏறும், வீடு முழுவதும் ஒரு புகைபோக்கியாக வேலை செய்யும். மேலே சீலிங் விளக்கு, குளியலறை விசிறி, அற்றிக் மூடி ஆகியவற்றின் இடுக்கால் காற்று வெளியேற, அந்த அளவுக்குக் குளிர்காற்றை வீடு கீழே பேஸ்மென்ற் விளிம்பால் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் கூரைக்குக் கீழேயுள்ள ஓட்டைக்கு அப்பாவின் கால் குளிர்கிறது. அற்றிக் மூடிக்கு ஓரம் சுற்றி ஃபோம் நாடா ஒட்டுவது சில டொலர் வேலை.

கூரை விளிம்பில் தொங்குகிற பெரிய ஐஸ் ஈட்டிகளைப் பார்த்துப் பிள்ளைகள் படம் எடுப்பார்கள். அவை அழகுக்குத் தொங்கவில்லை. வீட்டுச் சூடு அற்றிக்குள் கசிந்து கூரை ஸ்நோவை உருக்க, உருகிய தண்ணீர் குளிரான விளிம்புக்கு வந்து திரும்ப உறைகிறது. அந்த ஐஸ் அணைக்குப் பின்னால் தேங்குகிற தண்ணீர் ஓட்டுக்குக் கீழே புகுந்து சீலிங்கில் கறையாக இறங்கும். விளிம்புப் பக்கக் காற்றுத் துவாரங்களைப் பஞ்சால் மூடிவிடாதீர்கள், கூரை குளிராக இருப்பதற்கு அவை திறந்திருக்க வேண்டும்.

குசினி யன்னல் | நவம்பர் 3, 2024

இன்று மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிய கையோடு புகை அலாம், காபன் மொனொக்சைட் அலாம் எல்லாவற்றையும் அமத்திப் பாருங்கள். பற்றறியை மாற்றுங்கள். அலாமின் பின்பக்கத்தில் காலாவதித் திகதி இருக்கும். அது முடிந்திருந்தால் புதுப் பற்றறி போட்டும் பிரயோசனமில்லை, அலாமையே மாற்ற வேண்டும்.

இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்கும். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக்கில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே போய்விட்டது. காஸ் கணப்படுப்பின் புகைவழி அடைபட்டிருந்தது, வீட்டில் அலாம் இல்லை. தாய் பொலிஸ் அதிகாரி. ஹோக்கின்ஸ்-கிக்னாக் சட்டம் என்று அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே 2013இல் சட்டம் வந்தது. 2014 ஒக்ரோபர் முதல், எரிபொருளில் ஓடுகிற சாதனமோ வீட்டோடு ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அலாம் கட்டாயம். பேஸ்மென்ற்றில் ஆள் படுத்தால் பேஸ்மென்ற்றிலும் வேண்டும். மேல்மாடியில் அடிக்கிற அலாம் கீழே காது மந்தமானவருக்கு எப்படிக் கேட்கும்?

அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடி, குமட்டல், அசதி. தடிமன் காய்ச்சல் என்றுதான் நினைப்போம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடி, வெளியே போனால் குறைகிறது என்றால் உடனே எல்லோரும் வெளியேறி அவசர இலக்கம் 911க்கு அடியுங்கள்.

2013 டிசம்பர் ஐஸ் புயல் ஞாபகம் இருக்கிறவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். நத்தாருக்கு முந்திய ஞாயிறு விடியும்போது மரங்களெல்லாம் கண்ணாடியாக நின்றன. ரொறன்ரோவில் மட்டும் 300,000 இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லை, சில தெருக்களுக்கு நத்தார் முடிந்தும் வரவில்லை. கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்தவர்களும் ஜெனரேற்றரைக் கராஜுக்குள் ஓட்டியவர்களும் இருந்தார்கள். எங்கள் சனத்துக்கு ஊரில் கரி அடுப்பு பழக்கம், அதனால்தான் இரண்டு தரம் சொல்கிறேன். ஊர்க் குசினியில் கூரைக்கும் சுவருக்கும் இடையில் காற்றுப் போகும். இங்கே வீடு இறுக்கி அடைத்தது. கரி அடுப்பு உள்ளே வேண்டாம், கராஜுக்குள்ளும் வேண்டாம், கராஜ் கதவைத் திறந்து வைத்தும் வேண்டாம்.

ஏஜாக்ஸ் புதுவீடு | நவம்பர் 4, 2024

அக்கா, எங்களுடையது காஸ் ஃபர்னஸ். கரண்ட் போனாலும் ஓடும்தானே?

குசினி யன்னல் | நவம்பர் 4, 2024

ஓடாது. பற்றவைக்கிறதும் கரண்ட், காற்றைத் தள்ளுகிற விசிறியும் கரண்ட். காஸ் இருந்தும் வீடு குளிரும். காஸ் அடுப்பை நெருப்புக்குச்சியால் பற்றவைத்துத் தேத்தண்ணி போடலாம், அறையைச் சூடாக்க எரியவிடக் கூடாது. எல்லோரும் ஒரே அறைக்கு வந்து கதவைச் சாத்திப் போர்த்துக்கொள்வது, நீண்டுபோனால் மாநகரம் திறக்கிற சூட்டு நிலையத்துக்கோ உறவினர் வீட்டுக்கோ போவது. யாரிடம் போவது என்று இப்போதே கதைத்து வையுங்கள். மெழுகுதிரிக்குப் பதில் டோர்ச்.

குசினி யன்னல் | நவம்பர் 24, 2024

"யன்னலெல்லாம் வேர்த்து வழிகிறது, யன்னலை மாற்ற வேண்டுமா" என்று கேட்டவருக்கு: முதலில் என்ன சமைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

காலையில் புட்டு அவிக்கிறோம், மத்தியானம் சோறு வடிக்கிறோம், இரவு இடியப்பம். நடுவில் பருப்புக்கு விசிலடிக்கிறது. அவ்வளவு ஆவியும் வீட்டுக்குள்தான் சுற்றும், குளிரான கண்ணாடியில் பட்டுத் தண்ணீராக இறங்கும். சட்டத்தின் மூலையில் கறுப்புப் பூஞ்சணம் பிடிப்பது அப்படித்தான். வெளியே −20 என்றால் உள்ளே ஈரப்பதன் 30 வீதத்துக்கு மேல் வேண்டாம். ஈரப்பதன் காட்டுகிற வெப்பமானியாகவே வாங்கினால் இரண்டு வேலையும் ஆகும். அடுப்புக்கு மேலுள்ள விசிறியைச் சமைக்கும்போது போடுங்கள், முடிந்தும் கொஞ்ச நேரம் ஓடட்டும். அது வெளியே தள்ளுகிறதா, வடிகட்டித் திரும்ப உங்கள் முகத்துக்கே விடுகிறதா என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் இரண்டாவதுதான். அப்படியானால் சட்டிக்கு மூடி போட்டு அவியுங்கள், குளியலறை விசிறியையாவது ஓட விடுங்கள்.

யன்னலில் ஒட்டுகிற பிளாஸ்ரிக் தாள் பற்றியும் சொல்கிறேன். காற்றை அது நன்றாகவே மறிக்கும், ஒட்டிய பின் ஹெயார் ட்ரையரால் சூடு காட்டினால் சுருங்கி இறுகும். ஆனால் பேஸ்மென்ற்றில் ஆட்கள் படுக்கிற அறை யன்னல் நெருப்பு வந்தால் வெளியேறுகிற வழி. அந்த யன்னலுக்குத் தாள் ஒட்ட வேண்டாம், கனமான திரைச்சீலை போடுங்கள். வெளியே அதன் முன்னால் ஸ்நோவும் குவியக் கூடாது.

குசினி யன்னல் | டிசம்பர் 8, 2024

தம்பி குடும்பத்தோடு ஊருக்குப் போகிறாராம், தனிமடலில் கேட்டார். டிசம்பரில் பாதிச் சனம் பலாலி விமான நிலையத்துக்கோ கட்டுநாயக்கவுக்கோ போகிறபடியால் இங்கேயே எழுதுகிறேன்.

வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, குளிர்காலத்தில் ஆளில்லாத வீடு பற்றிய பகுதியை வாசியுங்கள். கனடாவில் பல பத்திரங்களில் இப்படி ஒரு நிபந்தனை இருக்கும்: சில நாட்களுக்கு மேல், அநேகமாக நான்கு, வீட்டில் இல்லாவிட்டால் பைப் உறைந்து வருகிற சேதத்துக்குக் காசு கிடையாது. தினமும் ஒருவர் வந்து சூடு ஓடுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரை மூடி வடித்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டில் நிற்கும்போது இங்கே மேல்மாடிக் குளியலறைப் பைப் வெடித்தது. வீட்டைப் பார்க்க ஒப்புக்கொண்டவர் கிழமைக்கு ஒருதரம்தான் வந்திருக்கிறார். காப்புறுதிக்காரர்கள் அந்த வரியைக் காட்டிக் கையை விரித்துவிட்டார்கள். தரைப்பலகை, சீலிங், பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் போயின.

நான் செய்வது இது. மெயின் வால்வை மூடி, மேலிருந்து கீழாக எல்லாக் குழாய்களையும் திறந்து வடித்து, ரொய்லெற்றை ஒருதரம் அடித்துவிடுவேன். தெர்மோஸ்ராற்றை 15, 16க்குக் கீழே இறக்க மாட்டேன். குசினி சிங்க்குக்குக் கீழுள்ள அலுமாரிக் கதவுகளைத் திறந்து வைப்பேன். ஆளையும் ஒழுங்கு பண்ணுவேன், திறப்பைக் கையில் கொடுத்து, மெயின் வால்வையும் காட்டி. தண்ணீரை மூடினாலே போதும்தான், ஆனால் ஃபர்னஸ் நின்றால் கறிவேப்பிலையை யார் காப்பாற்றுவது?

குசினி யன்னல் | டிசம்பர் 9, 2024

நேற்று எழுதியது சூடான காற்று அடிக்கிற வீடுகளுக்கு. சுவரோரம் இரும்பு ரேடியேற்றரில் சுடுதண்ணீர் ஓடுகிற பழைய வீடுகளில் அந்தச் சுற்றுக்கு வேறு முறை இருக்கிறது, பிளம்பரைக் கேட்காமல் எதையும் மூடவோ வடிக்கவோ வேண்டாம். சுடுதண்ணீர்த் தாங்கியை விடுமுறை நிலைக்குத் திருப்புங்கள். தாங்கி கரண்டில் ஓடுவதென்றால், தண்ணீரை வடிக்குமுன் பிரேக்கரை அணைக்க வேண்டும்.

ஏஜாக்ஸ் புதுவீடு | ஜனவரி 21, 2025

திரும்பி வந்துவிட்டோம், வீடு பத்திரம். ஆனால் இந்தக் குளிரில் அப்பாவின் அறை 17 காட்டுகிறது. மேலே 21. விளிம்பெல்லாம் அடைத்துவிட்டேன்.

குசினி யன்னல் | ஜனவரி 21, 2025

இன்றிரவே செய்யக்கூடியவை: ஃபர்னஸ் விசிறியைத் தானியங்கியிலிருந்து எப்போதும் ஓடுகிற நிலைக்கு மாற்றுங்கள், மேலும் கீழும் காற்று கலக்கும். ஃபில்ரரைப் பாருங்கள், புழுதி அடைத்திருந்தால் தூரத்து அறைக்குத்தான் முதலில் காற்று குறையும். ஆளில்லாத மேல் அறைகளின் துவாரங்களைக் கொஞ்சம் குறையுங்கள். முழுக்க மூட வேண்டாம், ஃபர்னஸுக்கு மூச்சு முட்டும். ஹோலை 22 ஆக்குங்கள்.

போதாவிட்டால் மின் ஹீற்றர், எண்ணெய் நிரப்பிய ரேடியேற்றர் ரகம். 1,500 வாட் இழுக்கும், நேராகச் சுவர்ப் பிளக்கில் குத்துங்கள், நீட்டிப்பு வயரில் வேண்டவே வேண்டாம். அதே சுற்றில் வேறு பாரமான சாமான் எதுவும் ஓடக்கூடாது. கட்டில், திரைச்சீலை எல்லாம் ஒரு மீற்றர் தள்ளி.

இரவில் சூட்டைக் குறைத்தால் காசு மிச்சம் என்பது உண்மை, நானும் சாதாரண நாட்களில் குறைப்பேன். இந்த மாதிரி இரவுகளில் வேண்டாம். வெளிச்சுவரோரம் ஓடுகிற பைப்பும் பேஸ்மென்ற் அறையும்தான் முதலில் குளிரும். மேலே படுத்திருக்கிற நமக்கு அது தெரியாது. வெளிச்சுவர்க் குழாய்களை மெல்லிய நூலாக ஓட விடுங்கள். 2015 பெப்ரவரியில் ரொறன்ரோவில் மிகக் கடுமையான குளிர். தெருவிலிருந்து வீட்டுக்கு வருகிற பைப்பே மண்ணுக்குள் உறைந்து பல வீடுகளுக்குத் தண்ணீர் நின்றது. அப்போது மாநகரம் ஒரு குழாயைப் பென்சில் பருமனில் ஓட விடச் சொன்னது.

உறைந்துவிட்டால்: குழாயைத் திறந்து வைத்து, குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி ஹெயார் ட்ரையரால் மெதுவாக. நெருப்புக் காட்டக் கூடாது.

ஏஜாக்ஸ் புதுவீடு | ஜனவரி 22, 2025

20. விசிறியும் ஃபில்ரரும்தான். அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டார்.

குசினி யன்னல் | ஜனவரி 22, 2025

வாசிக்கச் சந்தோசமாக இருக்கிறது. ஹீற்றர் வாங்கிவிட்டீர்கள் என்றால் வைத்திருங்கள், தேவைப்படும்.

குசினி யன்னல் | பெப்ரவரி 17, 2025

ஒரு கிழமைக்குள் இரண்டு பெரிய கொட்டல். கதவைத் திறந்ததும் எல்லோரும் ட்ரைவ்வேக்குத்தான் ஓடுகிறோம். அதற்கு முந்தி வீட்டின் பக்கவாட்டுக்குப் போங்கள். புது ஃபர்னஸ்களுக்குச் சுவரில் இரண்டு வெள்ளைப் பிளாஸ்ரிக் பைப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்று காற்றை இழுக்கும், மற்றது புகையை விடும். காற்று குவித்த ஸ்நோ அதை மூடினால் ஃபர்னஸ் தானே நின்றுவிடும். பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள், ஆனால் நிற்காமல் புகை உள்ளே திரும்பினால் என்ன நடக்கும் என்று நவம்பரில் எழுதினேன். சுற்றிவர நன்றாக வெட்டி விடுங்கள். காஸ் மீற்றரையும் பாருங்கள், அதைச் சவளால் கிண்டாமல் கையால் தட்டி விடுங்கள்.

அப்பாவிடம் சவளைக் கொடுக்காதீர்கள். "சும்மாதானே இருக்கிறேன்" என்று எடுத்துக்கொண்டு இறங்குவார். ஈரமான ஸ்நோ பாரம், குளிரில் இரத்தக் குழாய் சுருங்கும், பழக்கமில்லாத உடம்பு. ஒவ்வொரு விண்டரும் ஸ்நோ வழிக்கும்போது மாரடைப்பில் போகிறவர்கள் இருக்கிறார்கள். இளம் ஆட்களும் தூக்கி எறியாமல் தள்ளுங்கள், கொட்டி முடியும் மட்டும் காத்திராமல் இடையிடையே வழியுங்கள்.

உப்புப் பற்றி: சாதாரணக் கல்லுப்பு −10க்குக் கீழே அநேகமாக வேலை செய்யாது. அள்ளிக் கொட்டினாலும் கொங்கிறீற்றும் புல்லும்தான் கெடும். கல்சியம் குளோரைட் கலந்தது அதற்கும் கீழே உருக்கும், விலை கூட. படியில் வழுக்காமல் இருக்க மணல் போதும். அம்மா வெளியே வருகிற பக்கப் படிக்கு ஒரு கைபிடி போட்டுவிடுங்கள்.

குசினி யன்னல் | மார்ச் 16, 2025

உருகத் தொடங்கிவிட்டது. கூரைத் தண்ணீர் இறங்குகிற பைப்பின் வாய் அத்திவாரத்திலிருந்து தள்ளிப் போய் விழுகிறதா என்று பாருங்கள். மண் இன்னும் இறுகித்தான் இருக்கிறது, தண்ணீரை உறிஞ்சாது. சுவரோரம் விழுந்தால் நேராகப் பேஸ்மென்ற்றுக்குள், அப்பாவின் கட்டிலுக்குக் கீழேதான் வரும். பேஸ்மென்ற் குழியில் சேருகிற தண்ணீரை வெளியே இறைக்கிற சம்ப் பம்ப் இருந்தால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பாருங்கள்.

வெளிக்குழாய்க்குத் திரும்பத் தண்ணீர் விட அவசரப்படாதீர்கள், சித்திரை கடைசியில் பார்க்கலாம். தண்ணீர் விடுகிற அன்று ஒருவர் உள்ளே பைப்புக்குப் பக்கத்தில் நிற்க, மற்றவர் வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். விண்டரில் வெடித்திருந்தால் தண்ணீர் வந்த பிறகுதான் தெரியும்.